திரும்பி வந்த உறைகளும் திரும்பப் பெறாத உரிமையும்: தொழிற்சங்கத் தேர்தல்களில் சென்றடையாத அஞ்சல் வாக்குச்சீட்டுகள்

அமெரிக்கத் தொழிற்சங்கத் தேர்தல்களில் கணிசமானவை அஞ்சல் வழியாக நடைபெறுகின்றன. வாக்குச்சீட்டு தொழிலாளரின் வீட்டு முகவரிக்கு அனுப்பப்படுகிறது. அவர் அதில் குறியிட்டு, உறையிலிட்டுத் திருப்பி அனுப்புகிறார். குறித்த நாளில் உறைகள் பிரிக்கப்பட்டு வாக்குகள் எண்ணப்படுகின்றன. ஆனால் பெரிய தேர்தல்களில் இன்னொரு கட்டு உறைகளும் திரும்பி வருகின்றன. அவை உரியவரின் கையையே எட்டாதவை. ‘இந்த முகவரியில் இல்லை’, ‘வீடு மாறிவிட்டார்’, ‘முகவரி போதுமானதன்று’ என்னும் முத்திரைகளோடு அவை அனுப்பிய இடத்துக்கே வந்து சேர்கின்றன. அவற்றை என்ன செய்வது?

இது எழுத்தர் ஒருவர் தீர்த்துவைக்க வேண்டிய சில்லறை வேலை என்றே பலரும் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சங்கம் தன் உறுப்பினருள் யாரைத் தேடிச் செல்கிறது, யாரை ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி மூடிவிடுகிறது என்பதை இந்த உறைக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

இருபது ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் வாழ்பவரின் உறை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வாடகை உயர்ந்ததால் வீடு மாறியவர், வெளியேற்றப்பட்டவர், உறவினர் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருப்பவர், தற்காலிக வேலைநீக்கத்துக்கு உள்ளானவர், வேலை தேடி வேறு மாநிலம் சென்றவர், வன்முறைக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறிய பெண் ஆகியோரின் உறைகளே திரும்புகின்றன. அமெரிக்காவில் வெள்ளையர் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சொந்த வீட்டில் வாழ்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் பாதிக்கும் குறைவானவையே அவ்வாறு வாழ்கின்றன. ஆகவே முகவரி என்பது நிறத்துக்கும் வர்க்கத்துக்கும் அப்பாற்பட்ட நடுநிலையான தகவலன்று. முகவரியை மட்டுமே நம்பி நடத்தப்படும் தேர்தல், யாருடைய வாழ்க்கை நிலையற்றதாக ஆக்கப்பட்டிருக்கிறதோ அவர்களையே முதலில் இழக்கிறது.

இருவகைத் தேர்தல்கள், இரு சட்டங்கள்

அமெரிக்கத் தொழிற்சங்கத் தேர்தல்களை இரண்டு வகையாகப் பிரித்துக் காண வேண்டும். ஒரு பணியிடத்தில் சங்கம் வேண்டுமா, வேண்டாமா என்று தொழிலாளர்கள் முடிவு செய்வது முதல் வகை. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்கீழ் இதைத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் நடத்துகிறது. இச்சட்டம் வேளாண் தொழிலாளர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. அன்று தென் மாநிலங்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலை செய்தது இவ்விரு துறைகளில்தான் என்பதை மறந்துவிடலாகாது.

ஏற்கெனவே உள்ள சங்கத்தின் பொறுப்பாளர்களை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது இரண்டாம் வகை. இதைச் சங்கமே நடத்துகிறது. ஆனால் 1959ஆம் ஆண்டின் தொழிலாளர்–நிர்வாக அறிக்கையிடல் மற்றும் வெளிப்படுத்தல் சட்டம் அதற்கு எல்லைகளை வகுத்துள்ளது. உள்ளூர்ச் சங்கங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும், தேசிய அளவிலான சங்கங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் தேர்தல் நடத்தியாக வேண்டும். உள்ளூர்ச் சங்கங்களில் உறுப்பினர்கள் நேரடியாக, இரகசிய வாக்கெடுப்பில் வாக்களிக்க வேண்டும்.

முதல் வகையில் முகவரிப் பட்டியலைத் தருபவர் முதலாளி. 1966ஆம் ஆண்டின் எக்செல்சியர் தீர்ப்பிலிருந்து, தகுதியுள்ள தொழிலாளர்களின் பெயர்களையும் முகவரிகளையும் முதலாளி ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பின்னர் வந்த விதிகள், முதலாளியிடம் இருக்கும் தொலைபேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் இதில் சேர்த்தன. இரண்டாம் வகையில் பட்டியல் சங்கத்தின் கையில், அதாவது பதவியில் இருக்கும் நிர்வாகிகளின் கையில் இருக்கிறது. இரண்டிலும் பட்டியலை வைத்திருப்பவருக்குத் தேர்தல் முடிவில் சொந்த அக்கறை உண்டு. சென்றடையாத வாக்குச்சீட்டுப் பிரச்சினையின் வேர் இதுவே.

சட்டம் என்ன கேட்கிறது?

1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 401ஆம் பிரிவு சில அடிப்படைக் கடமைகளை விதிக்கிறது. தேர்தலுக்குக் குறைந்தது 15 நாள்களுக்கு முன்னர், ஒவ்வோர் உறுப்பினருக்கும் அவர் ‘கடைசியாக அறியப்பட்ட’ வீட்டு முகவரிக்குத் தேர்தல் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். தனி அறிவிப்பு அனுப்பாமல் வாக்குச்சீட்டையே அறிவிப்பாகக் கொண்டால், அது திரும்ப வேண்டிய நாளுக்கு 15 நாள் முன்னரே அஞ்சலில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். நேர்மையான தேர்தலுக்குப் போதுமான பாதுகாப்புகள் அளிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் பார்வையாளரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அஞ்சல் தேர்தலில் அந்த உரிமை எண்ணும் மேசையோடு முடிவதில்லை. வாக்குச்சீட்டுகளைத் தயாரித்து அஞ்சலில் சேர்க்கும் கட்டத்துக்கும், அவை வந்து சேரும் கட்டத்துக்கும் நீள்கிறது. வாக்குச்சீட்டுகளும் தேர்தல் ஆவணங்களும் ஓராண்டு பாதுகாக்கப்பட வேண்டும். உறுப்பினர் பட்டியலைப் பயன்படுத்துவதில் ஒரு வேட்பாளருக்கு மட்டும் சாதகமாக நடந்துகொள்ளலாகாது.

‘கடைசியாக அறியப்பட்ட முகவரி’ என்ற சொற்றொடரில்தான் சிக்கல் தொடங்குகிறது. கோப்பில் இருக்கும் முகவரிக்கு ஒரு முறை அனுப்பிவிட்டால் கடமை முடிந்துவிட்டது என்று சில நிர்வாகங்கள் வாதிடுகின்றன. ஆனால் உறை திரும்பி வந்த கணத்திலேயே, அந்த முகவரி தவறானது என்ற அறிவு சங்கத்துக்கு வந்துவிடுகிறது. அதன்பிறகு அதைத் தெரியாததுபோல் நடந்துகொள்ள முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் துறை தேர்தல் அலுவலர்களுக்கு வெளியிட்டுள்ள வழிகாட்டியும் இதே திசையில்தான் செல்கிறது: குறியிட்ட வாக்குகள் வந்து சேர ஓர் அஞ்சல் பெட்டி, சென்றடையாமல் திரும்பும் உறைகளுக்குத் தனியாக மற்றோர் அஞ்சல் பெட்டி, திரும்பிய உறைகளை அவ்வப்போது எடுத்துப் பார்த்து, சரியான முகவரியைக் கண்டறிய முயன்று, மறுபடியும் அனுப்புதல்.

இதே கேள்வி வேறொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 2006ஆம் ஆண்டின் ‘ஜோன்ஸ் எதிர் ஃபிளவர்ஸ்’ வழக்கில், வரி பாக்கிக்காக ஒருவரின் வீட்டை ஆர்கன்சா மாநில அரசு விற்றது. அதற்குமுன் அவருக்கு அனுப்பிய பதிவஞ்சல் பெற்றுக்கொள்ளப்படாமல் திரும்பியது. அவர் அந்த வீட்டில் வசிக்கவில்லை. உறை திரும்பிய பிறகும் அரசு வேறெந்த முயற்சியும் எடுக்காதது முறையன்று என்று நீதிமன்றம் 5–3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. உண்மையிலேயே ஒருவருக்குச் செய்தி சேர வேண்டும் என்று விரும்புபவர், கடிதம் திரும்பி வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கமாட்டார் என்பதே அத்தீர்ப்பின் சாரம். சாதாரண அஞ்சலில் மறுபடி அனுப்புவது, கதவில் அறிவிப்பை ஒட்டுவது போன்ற எளிய வழிகள் இருந்தனவே என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. தொலைபேசி நூலை முழுவதும் புரட்டித் தேட வேண்டும் என்று அது கேட்கவில்லை.

அத்தீர்ப்பு அரசுக்கு எதிரான அரசியலமைப்பு உரிமையைப் பற்றியது. சங்கங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் தெளிவானது. முதல் முறை அனுப்பும்போது சங்கத்துக்குத் தெரிந்தது வேறு. உறை திரும்பிய பின் தெரிந்தது வேறு. கடமையும் அதற்கேற்ப வளர்கிறது.

அஞ்சலகத்தில் தொடங்கும் அநீதி

சென்றடையாத வாக்குச்சீட்டுகளில் ஒரு பகுதி, அவை எந்த வகை அஞ்சலில் அனுப்பப்பட்டன என்பதாலேயே தொலைகின்றன. அமெரிக்க அஞ்சல் துறையில் முதல் வகுப்பு அஞ்சல், முகவரி மாற்றம் பதிவு செய்தவருக்குப் பொதுவாக 12 மாதங்கள் வரை புதிய முகவரிக்குத் திருப்பிவிடப்படுகிறது. அதற்கும் வழியில்லை எனில் அனுப்பியவருக்கே திரும்பி வருகிறது. ஆனால் விளம்பர அஞ்சலுக்கான மலிவுக் கட்டணத்தில் அனுப்பப்படும் உறை, அதன்மேல் உரிய குறிப்பு அச்சிடப்படாதிருந்தால், திருப்பிவிடப்படாது; திரும்பியும் வராது. குப்பைக்குப் போய்விடும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். மலிவான அஞ்சலைத் தேர்ந்த சங்கத்தின் கையில் திரும்பிய உறைகளே இராது. ‘எங்கள் தேர்தலில் ஒரு வாக்குச்சீட்டுகூடத் திரும்பவில்லை’ என்று அது பெருமையுடன் அறிவிக்கவும் கூடும். ஆகவே வழக்கறிஞரும் பார்வையாளரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை உறைகள் திரும்பின என்பதன்று. எந்த வகை அஞ்சலில், என்ன குறிப்போடு அனுப்பினீர்கள் என்பதே.

திரும்பிய உறையே ஆயுதமான வரலாறு

திரும்பி வந்த அஞ்சலைக் கொண்டு ஒருவரின் வாக்குரிமையையே ஐயத்துக்குள்ளாக்கும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. 1981ஆம் ஆண்டு நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தலின்போது, கறுப்பின, இலத்தீன் மக்கள் மிகுதியாக வாழும் பகுதிகளின் வாக்காளர்களுக்குக் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு கடிதங்களை அனுப்பியது. அவற்றுள் சென்றடையாமல் திரும்பிய ஏறத்தாழ 45,000 கடிதங்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவர்கள் வாக்களிக்கத் தகுதியற்றவர்கள் என்று எதிர்ப்புத் தெரிவிக்க முயன்றது. அந்தத் தேர்தல் 1,797 வாக்கு வேறுபாட்டில் முடிந்தது. வழக்குத் தொடரப்பட்டு, 1982இல் நீதிமன்றத்தின் முன் ஏற்பட்ட ஒப்பந்த ஆணை அக்கட்சியின் இத்தகைய செயல்களைக் கட்டுப்படுத்தியது. அந்த ஆணை 2018இல் முடிவுக்கு வந்தது.

அதே 2018இல் மற்றொரு தீர்ப்பும் வந்தது. ஒஹாயோ மாநிலத்தில் இரண்டு ஆண்டுகள் வாக்களிக்காதவருக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பப்படும். அதற்குப் பதிலளிக்காமலும் அடுத்த நான்கு ஆண்டுகள் வாக்களிக்காமலும் இருந்தால் அவர் பெயர் நீக்கப்படும். இந்நடைமுறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் கூறியது. சிறுபான்மையினரும் வறியோரும் மிகுந்த பகுதிகளையே இது கூடுதலாகப் பாதிக்கிறது என்று நீதிபதி சோட்டோமயோர் தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். இவ்வழக்கைத் தொடுத்தவற்றுள் ஒன்று ஏ. பிலிப் ராண்டால்ஃப் நிறுவனம். தொடர்வண்டிப் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர்களுக்காக 1925இல் சங்கம் கண்ட தலைவரின் பெயரைத் தாங்கிய அமைப்பு அது. பதிலில்லாத அஞ்சலட்டையை ஒருவரின் விருப்பமின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதைத் தொழிற்சங்க மரபிலிருந்து வந்த ஓர் அமைப்பே நீதிமன்றத்தில் வாதிட நேர்ந்தது.

ஆதலால் நாம் முதலில் வலியுறுத்த வேண்டிய நெறி இது: திரும்பி வந்த உறை முகவரியைப் பற்றிய செய்தி மட்டுமே. அது உறுப்பினரின் அக்கறையைப் பற்றியோ தகுதியைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. அதைக் காரணமாகக் காட்டி எவரையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாகாது.

483 வாக்குகள்

அமெரிக்க வாகனத் தொழிலாளர்களின் பெரும் சங்கமான யுனைடெட் ஆட்டோ ஒர்க்கர்ஸ் அண்மைக் காலத்தின் முக்கியமான எடுத்துக்காட்டு. ஊழல் வழக்குகளில் அச்சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இருவர் சிறைத்தண்டனை பெற்றனர். 2021இல் நீதிமன்ற ஒப்பந்த ஆணையின்படி சுயேச்சையான கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார். பேராளர்கள் வழியாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறையைக் கைவிட்டு, ஒவ்வோர் உறுப்பினரும் நேரடியாக வாக்களிக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் பொதுவாக்கெடுப்பில் முடிவு செய்தனர். அவ்வாறு நடந்த முதல் நேரடித் தேர்தல் முழுவதும் அஞ்சல் வழியானது.

2022இன் முதற்சுற்றில், பணியில் இருப்போர், ஓய்வு பெற்றோர் என ஏறத்தாழ பத்து இலட்சம் பேருக்கு வாக்குச்சீட்டுகள் அனுப்பப்பட்டன. ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் வாக்களித்தார். பலருக்கு வாக்குச்சீட்டே வரவில்லை என்றும் தேர்தல் நடப்பதே தெரியவில்லை என்றும் கூறி, வேட்பாளர்களுள் ஒருவரான வில் லேமன் கால நீட்டிப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றார். நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2023இல் நடந்த இறுதிச் சுற்றில் ஏறத்தாழ 1,38,000 வாக்குகள் எண்ணப்பட்டன. ஷான் ஃபெயின், பதவியில் இருந்த ரே கரியை 483 வாக்குகளில் வென்றார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மூன்று பெரும் கார் நிறுவனங்களுக்கு எதிராக ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் நடத்தியவர் அவரே.

இந்த 483 என்ற எண்ணை முகவரிப் பட்டியலோடு வைத்துப் பார்ப்போம். பத்து இலட்சம் முகவரிகளில் நூற்றுக்கு ஒன்று தவறானது என்று ஒரு கணக்குக்காகக் கொள்வோம். பத்தாயிரம் பேருக்கு வாக்குச்சீட்டு போய்ச் சேராது. மற்றவர்களைப்போல் அவர்களிலும் ஏழில் ஒருவர் வாக்களித்திருப்பார் என்றால், அது ஏறத்தாழ 1,400 வாக்குகள். வெற்றி வேறுபாட்டைப்போல் மூன்று மடங்கு. அந்த வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்திருந்தால் முடிவு மாறியிராது. ஆகவே இக்கணக்கு முடிவு தவறு என்பதற்குச் சான்றாகாது. ஆனால் முகவரிப் பட்டியலின் மிகச் சிறிய பிழையும் வேட்பாளர்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

சிறிய பணியிடங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. 2021 டிசம்பரில் பஃபலோ நகரின் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில் சங்கம் 19–8 என்ற கணக்கில் வென்றது. முப்பது பேர்கூட வாக்களிக்காத இடத்தில் இரண்டு மூன்று உறைகள் வழிதவறினால், ஒரு சங்கம் பிறப்பதும் பிறவாததும் அதைப் பொறுத்ததாகிவிடலாம்.

பெசெமர் தரும் பாடம்

அலபாமா மாநிலத்தின் பெசெமர் நகரில் உள்ள அமேசான் கிடங்கில் 2021இல் நடந்த வாக்கெடுப்பை உலகமே கவனித்தது. அங்கு வேலை செய்தவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். கொரோனாப் பெருந்தொற்றை முன்னிட்டு, 2020 நவம்பரில் வாரியம் வகுத்த அளவுகோல்களின்படி அஞ்சல் தேர்தலுக்கு உத்தரவிடப்பட்டது. பிப்ரவரி 8 அன்று வாக்குச்சீட்டுகள் அனுப்பப்பட்டன. மார்ச் 29க்குள் அவை வந்து சேர வேண்டும். சங்கத்துக்கு ஆதரவாக 738, எதிராக 1,798 வாக்குகள் விழுந்தன. மேலும் சில நூறு வாக்குகள் எதிர்ப்புக்குள்ளாகி எண்ணப்படவில்லை.

அத்தேர்தல் செல்லாது என்று வாரியத்தின் மண்டல இயக்குநர் 2021 நவம்பரில் அறிவித்தார். நிறுவனத்தின் முயற்சியால் கிடங்கின் வளாகத்துக்குள் ஓர் அஞ்சல் பெட்டி நிறுவப்பட்டதும், அது வாக்குப்பதிவின்மீது நிர்வாகத்துக்கு ஏதோ பிடி இருப்பதாகத் தொழிலாளர்களை எண்ணவைத்ததும் அம்முடிவின் மையமாக இருந்தன. 2022இல் நடந்த இரண்டாம் தேர்தலில் ஆதரவு 875, எதிர்ப்பு 993. எதிர்ப்புக்குள்ளான வாக்குகள் 416. அதாவது தீர்மானிக்கப்படாத வாக்குகள் வேறுபாட்டைவிட அதிகம். 2024 நவம்பரில் நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவர் மூன்றாம் தேர்தலுக்கு உத்தரவிட்டார்.

பெசெமர் வழக்கு திரும்பிய உறைகளைப் பற்றியதன்று. ஆனால் அஞ்சல் தேர்தலில் உறை எந்தப் பாதையில் செல்கிறது, அப்பாதை யாருடைய கண்காணிப்பில் இருக்கிறது என்பவை வாக்கின் ஒரு பகுதியே என்பதை அது நிலைநாட்டியது. சென்றடையாத உறை கிடக்கும் அறைக்கும் இதே நெறி பொருந்தும். அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அற்பமான கேள்வியன்று.

தேர்தல் எப்போது செல்லாததாகும்?

உறைகள் திரும்பின என்பதாலேயே தேர்தல் செல்லாததாகிவிடாது. நியாயமான முயற்சி எடுத்தும் சிலரைச் சென்றடைய முடியாமற்போவது இயல்பு. சட்டம் முழுமையைக் கேட்கவில்லை. நேர்மையான முயற்சியைக் கேட்கிறது. முயற்சி எடுக்கப்படாதபோதுதான் மீறல் ஏற்படுகிறது.

மீறல் நிறுவப்பட்டால் அடுத்த கேள்வி: அது முடிவைப் பாதித்திருக்கக்கூடுமா? 1968ஆம் ஆண்டு விடுதித் தொழிலாளர் சங்கத்தின் 6ஆம் உள்ளூர்க் கிளை தொடர்பான வழக்கில், மீறல் நிறுவப்பட்டாலே அது முடிவைப் பாதித்திருக்கக்கூடும் என்ற அனுமானம் எழும். இல்லை என்று காட்டும் பொறுப்பு சங்கத்தைச் சாரும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ஆயிரம் பேர் கொண்ட சங்கத்தில் 70 உறைகள் திரும்புகின்றன, ஒன்றுக்கும் முகவரி தேடப்படவில்லை, தலைவர் 12 வாக்குகளில் வெல்கிறார். எழுபது பன்னிரண்டைவிடப் பெரிது. அந்த எழுபது பேரும் எப்படி வாக்களித்திருப்பார்கள் என்று புகார் கொடுப்பவர் நிறுவ வேண்டியதில்லை. வேறுபாடு 300 ஆக இருந்தால், அதே கவனக்குறைவு மீறலாகவே நின்றாலும் தேர்தலைக் கவிழ்க்காது.

புகார் கொடுக்கும் வழியில் காலக்கெடுக்கள் கடுமையானவை. உறுப்பினர் முதலில் சங்கத்தின் உள்முறையீட்டு வழிகளை நாட வேண்டும். இறுதி முடிவு கிடைத்தபின், அல்லது மூன்று மாதங்களாகியும் முடிவு கிடைக்காவிடில், அடுத்த ஒரு மாதத்துக்குள் தொழிலாளர் துறைச் செயலரிடம் முறையிட வேண்டும். நீதிமன்றம் செல்வது செயலரின் கையில் உள்ளது. எனவே ஓராண்டு பாதுகாக்கப்பட வேண்டிய ஆவணங்களுள் திரும்பிய உறைகளும் இருக்கின்றனவா என்பதைத் தொடக்கத்திலேயே உறுதி செய்யாதவர், பின்னர் சான்றின்றி நிற்க நேரும்.

இரண்டு மறுப்புகள்

முகவரி மாறினால் சங்கத்துக்குத் தெரிவிப்பது உறுப்பினரின் கடமையல்லவா என்று கேட்பார்கள். கடமைதான். ஆனால் சந்தா பிடிக்கும்போது அந்த உறுப்பினரைக் கண்டுபிடிப்பதில் எந்தச் சங்கத்துக்கும் சிரமம் இருப்பதில்லை. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடித்தம் செய்யப்படுகிறவர் எந்தப் பணியிடத்தில், எந்த நேரமுறையில் இருக்கிறார் என்பது தெரியும். பணம் வாங்க எட்டும் கை, வாக்குச்சீட்டு கொடுக்க எட்டாது என்பதை ஏற்க இயலாது.

தேடிக்கொண்டே இருந்தால் தேர்தல் முடிவதெப்போது, செலவை யார் ஏற்பது என்பது மற்றொன்று. இது நியாயமான கவலை. ஆகவேதான் தேடலுக்கும் ஒரு கடைசி நாள் வேண்டும். ஆனால் அந்த நாள் தேர்தல் தொடங்குமுன்பே அறிவிக்கப்பட்டு, எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நேர்மையான நடைமுறை எப்படி இருக்க வேண்டும்?

மேற்கண்டவற்றிலிருந்து நாம் முன்வைக்கும் நடைமுறை இது:

1. முதல் அறிவிப்பையே சோதனையாகக் கொள்ளுதல். தேர்தல் அறிவிப்பை முதல் வகுப்பு அஞ்சலில், வாக்குச்சீட்டுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே அனுப்பினால், எந்த முகவரிகள் தவறானவை என்பது வாக்குச்சீட்டு புறப்படுமுன்பே தெரிந்துவிடும்.

2. தனி அஞ்சல் பெட்டி. திரும்பும் உறைகள் சங்க அலுவலகத்துக்கு வரலாகாது. அவற்றை எடுக்கும் நாள்களும் நேரமும் எல்லா வேட்பாளர்களின் பார்வையாளர்களுக்கும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும்.

3. பதிவேடு. ஒவ்வோர் உறையும் திரும்பிய நாள், அஞ்சல் துறை குறித்த காரணம், எடுத்த நடவடிக்கை, மறுபடி அனுப்பிய நாள் ஆகியவை எழுதப்பட வேண்டும். உறையைப் பிரிக்காமல் முத்திரையிட்டுப் பாதுகாக்க வேண்டும்.

4. எல்லோருக்கும் ஒரே தேடல். தொலைபேசி, மின்னஞ்சல், பணியிடப் பிரதிநிதி என்ற வரிசை எல்லா உறைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். மிகவும் நுட்பமான அநீதி இங்குதான் நிகழ்கிறது: திரும்பிய உறைகளைப் பார்க்கும் நிர்வாகி, தம் ஆதரவாளர்களை மட்டும் அழைத்துப் புதிய முகவரி கேட்கிறார், மற்றவற்றை அலமாரியில் வைக்கிறார். எவரையும் விலக்கியதாக ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை. எனவே தேடும் பொறுப்பு போட்டியில் இல்லாதவரிடம் இருக்க வேண்டும்.

5. தனிமையைக் காத்தல். வன்முறைக்குத் தப்பி வந்த ஒரு பெண்ணின் புதிய முகவரி பார்வையாளர்களின் கைக்குப் போகலாகாது. எத்தனை உறைகள், எந்தக் கட்டத்தில் என்பதை அவர்கள் அறியலாம். புதிய முகவரியை அறிய வேண்டியதில்லை.

6. மாற்று வாக்குச்சீட்டு. புதிய சீட்டின் வெளியுறையில் ‘மறு அனுப்பீடு’ என்ற குறி இருக்க வேண்டும். ஒருவரிடமிருந்து இரண்டு உறைகள் வந்தால் எது எண்ணப்படும் என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். வெளியுறையில் பெயரும் உள்ளுறையில் வாக்கும் இருக்கும் இரட்டை உறை முறையால், இந்தச் சரிபார்ப்பு இரகசியத்தைக் குலைக்காது. நிலையான முகவரி இல்லாதவர் அடையாளம் காட்டி நேரில் பெற்றுக்கொள்ளவும் வழி வேண்டும்.

7. எண்களை வெளியிடுதல். அனுப்பியவை, திரும்பியவை, மறுபடி அனுப்பியவை, இறுதிவரை சென்றடையாதவை என்ற நான்கு எண்களும் முடிவுகளோடு, பணியிட வாரியாக அறிவிக்கப்பட வேண்டும். ஒரே நேரமுறையின், ஒரே துப்புரவுப் பிரிவின் உறைகள் மட்டும் மிகுதியாகத் திரும்பியிருந்தால் அப்போதுதான் அது கண்ணில் படும்.

நமக்கு இதில் என்ன?

தொழிற்சங்க அங்கீகாரம் முதலாளியின் தயவைச் சார்ந்திருக்கலாகாது என்பதை உணர்ந்தவர் டாக்டர் அம்பேத்கர். வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவர், சங்கங்களை முதலாளிகள் கட்டாயமாக அங்கீகரிக்க வேண்டும் என்ற திருத்த மசோதாவை 1943இல் அறிமுகப்படுத்தினார். அது அன்று சட்டமாகவில்லை. இன்று 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவைப் பெற்ற சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும் ஒரே சங்கம் என்கிறது.

வருகைப் பதிவேடு என்ற சொல்லை நாம் கூர்ந்து படிக்க வேண்டும். நகராட்சித் தெருக்களையும் மருத்துவமனைகளையும் தூய்மை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்கள், அவர்கள் உண்மையில் யாருக்காக உழைக்கிறார்களோ அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பதில்லை. ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருக்கின்றன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். அமெரிக்கத் தொழிலாளியின் வாக்கு தவறான முகவரியால் தொலைகிறது என்றால், நம் தொழிலாளியின் குரல் தவறான பதிவேட்டால் தொலைகிறது. அங்கே குறைந்தபட்சம் ஓர் உறை திரும்பி வந்து சான்று சொல்கிறது. இங்கே பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு எந்த உறையும் புறப்படுவதில்லை. ஆகவே எதுவும் திரும்பி வருவதுமில்லை.

எனவே எந்தத் தேர்தலானாலும், எந்தச் சரிபார்ப்பானாலும், எண்ணிக்கை நாளன்று கொட்டகைக்கு வெளியே நிற்பதைவிட, பட்டியல் தயாராகும் நாளன்று அதை வாங்கிப் படிப்பது பயனுள்ள வேலை. யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை, யாரைக் ‘கிடைக்கவில்லை’ என்று குறித்திருக்கிறார்கள், அவர்களை யார் எத்தனை முறை தேடினார்கள் என்ற கேள்விகளை எழுத்து வடிவில் கேட்டு, பதிலையும் எழுத்து வடிவில் பெற வேண்டும். மாணவத் தோழர்கள் தங்கள் ஊர்ச் சங்கங்களோடு சேர்ந்து உடனே தொடங்கக்கூடிய பணி இது. அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. ஒரு பதிவேடும் பொறுமையும் போதும்.